சுவருக்கு வாயும் உண்டு

அந்த மண்டபத்தை யாராவது முட்டை என்று சொல்லிவிட்டால் சின்னவளுக்குப் பொறுக்காது. பேரவைக் கட்டடத்தைச் சுற்றிக் காட்ட அவள் அழைத்துப் போகிற கூட்டத்தில் தினம் ஒருவராவது அதைச் சொல்லிவிடுவார். "அட, முட்டை மாதிரியில்ல இருக்கு" என்பார். உடனே அவள் கையிலிருக்கும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிடுவாள். "முட்டைக்கு ஒரு பக்கம் கூர், ஒரு பக்கம் மழுங்கல். இதுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். இது நீள்வட்டம்ங்க." இதையே சொல்லிச் சொல்லி, கட்டடத்தில் வேலை செய்கிறவர்கள் அவளுக்கு முட்டையக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? வீட்டில் மட்டும் அவள் சின்னவள். அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த மருமகள்களில் இளையவள்.

கட்டடத்தின் கதையை அவள் வாயால் கேட்க வேண்டும். தபால்தலையில் இருப்பது அந்தக் கட்டடம்தான், பள்ளிக்கூடப் புத்தகத்தின் அட்டையில் இருப்பதும் அதுதான். அதனால் பார்க்காதவர்களும் பார்த்த மாதிரியே பேசுவார்கள். கட்டச் சொன்னவர்கள் முதலில் வட்டமாகத்தான் கேட்டார்களாம். வட்டத்துக்குத் தலைமாடும் கிடையாது, கால்மாடும் கிடையாது. முதல் நாற்காலி எனக்குத்தான் என்று யாரும் வேட்டியை வரிந்து கட்ட முடியாது. ஆனால் கிடைத்த நிலத்துக்கு ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ரயில் பாதை. வட்டத்தை வைத்தால் பாதி மந்திரிகள் தண்ணீரில் உட்கார வேண்டியிருக்கும். கட்டட வரைஞர் தலையைச் சொறிந்தார். பிறகு, தோட்டக்காரர்கள் பூப்பாத்தி போடுகிற வித்தையைக் கையில் எடுத்தார். தரையில் இரண்டு முளை அடித்து, ஒரு கயிற்றின் இரண்டு முனைகளையும் அவற்றில் கட்டினார். கயிறு தொய்யாமல் ஒரு குச்சியால் இழுத்துப் பிடித்தபடி சுற்றி வந்தார். குச்சி கீறிய கோட்டின்மேல்தான் இன்றைக்கு அந்தச் சுவர் நிற்கிறது. முளைகள் இருந்த இரண்டு இடத்திலும் தரையில் பித்தளைக் குமிழ் பதித்திருக்கிறார்கள்.

இங்கேதான் சின்னவள் தோளிலிருந்து கயிற்றை இறக்குவாள். இரண்டு பேரைக் கூப்பிட்டு இரண்டு குமிழ்மேலும் நிற்க வைத்து, கயிற்றின் முனைகளை அவர்களிடம் கொடுப்பாள். மூன்றாவது ஆள் கயிற்றை இழுத்துக்கொண்டு சுவரோடு சுவராக நடக்க வேண்டும். எங்கே நின்றாலும் கயிறு விறைப்பாகவே இருக்கும். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. "இந்தக் குமிழ்லேர்ந்து கிளம்புற பேச்சு எந்தச் சுவர்ல பட்டாலும் அந்தக் குமிழுக்குத்தான் போய்ச் சேரும். எல்லாம் ஒரே தூரம், அதனால எல்லாம் ஒரே நேரத்துல போய்ச் சேரும். சுவருக்கும் காது உண்டுன்னு சொல்வாங்க இல்ல? எங்க சுவருக்கு வாயும் உண்டு." சொல்லிவிட்டு ஒரு குமிழ்மேல் நின்று, உதடு அசைவது தெரியாமல் ஏதாவது முணுமுணுப்பாள். மண்டபத்தின் அந்தக் கோடியில் நிற்கிற ஆள் திடுக்கிட்டு, முதலில் தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பார். எல்லாரும் அப்படித்தான். காதுக்குப் பக்கத்திலேயே யாரோ நிற்பது போலக் கேட்குமாம். அந்தத் திரும்பலைப் பார்க்க அவளுக்கு அலுத்ததே இல்லை.

கட்டி முடித்த புதிதில் இந்தச் சங்கதி யாருக்கும் தெரியாது. முதல் கூட்டத்தில் ஆளும் கட்சித் தலைவர் பக்கத்திலிருந்தவர் காதில் ரகசியம் சொல்ல, எதிர்க்கட்சித் தலைவர் அங்கிருந்து எழுந்து அதற்குப் பதில் சொன்னாராம். நடந்ததோ, யாரோ கட்டிவிட்டதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். அதற்குப் பிறகு கூட்டம் நடக்கும் நாட்களில் தரையில் தடித்த கம்பளம் விரித்து, சுவரில் திரை தொங்கவிட்டு, நாற்காலிகளைக் குமிழ்களை விட்டுத் தள்ளிப் போட்டுவிடுகிறார்கள். கூட்டம் முடிந்ததும் கம்பளத்தைச் சுருட்டித் திரையை ஒதுக்கிவிட்டால் மண்டபம் சின்னவளுடையது.

கூட்டம் நடக்கும் நாட்களில் அது பெரியவளுடையது. பெரியவள் என்றால் அவளுடைய ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி. மண்டபத்தின் நடுவில் இருக்கும் மேசையில் உட்கார்ந்து, உறுப்பினர்கள் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எழுதுகிறவள். ஒலிபெருக்கி வந்து, பதிவுக் கருவி வந்து, இன்னும் என்னென்னவோ வந்தும் அந்த மேசை போகவில்லை. கருவி நின்றுபோகும், உறுப்பினர்கள் ஒலிவாங்கியை விட்டு எழுந்து நின்று கத்துவார்கள். மேசையில் எழுதியதுதான் அவைக்குறிப்பு. வீட்டுக்கு உறவுக்காரர் யார் வந்தாலும் பெரியவளைச் சுற்றித்தான் உட்காருவார்கள். "உள்ள என்னதான் நடந்துச்சு, சொல்லேன்" என்பார்கள். பெரியவள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். வெறுமனே சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கே மரியாதை. சின்னவள் ஆற்றையும் ரயில் பாதையையும் பற்றி வாய் திறந்தால், "அது எங்களுக்கும் தெரியும்மா" என்று தட்டைக் கழுவ எழுந்துவிடுவார்கள்.

ஆனாலும் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு குறையும் கிடையாது. ஓரகத்திகள் ஒரே அடுப்பில் சமைத்தால் உலை கொதிப்பதற்கு முன் அவர்கள் கொதிப்பார்கள் என்பார்கள். இந்த வீட்டில் அது நடக்கவில்லை. பெரியவள் வாய்விட்டுப் பேசுகிற ஒரே ஆள் சின்னவள்தான்.

ஒரு நாள் மாடியில் துணி காயப் போடும்போது பெரியவள் அதைச் சொன்னாள். "இடது காது போயிட்டு இருக்குடி. நரம்பு சோர்ந்துடுச்சாம். இனி திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

சின்னவள் கையிலிருந்த துணியைக் கொடியில் போடாமல் நின்றாள். "அவையில எப்படிக்கா சமாளிக்கிறீங்க?"

"வலது காது நல்லாத்தான் இருக்கு. முக்கால்வாசிக்கு மேல ஒண்ணும் கஷ்டமில்ல. வம்பு பண்றது இந்த 'இல்லை'தான்."

அது என்ன வம்பு என்றால், நம் மொழி செய்கிற வம்பு. "வரியைக் கூட்டும் எண்ணம் இந்த அரசுக்கு..." என்று ஒருவர் முழங்குகிறார். உண்டா, இல்லையா என்பது கடைசிச் சொல்லில் இருக்கிறது. உறுப்பினர்களோ ஆரம்பிக்கும்போது இடி, முடிக்கும்போது முனகல். வாக்கியத்தின் வால் காதில் விழவில்லை என்றால் நாட்டின் தலையெழுத்தே மாறிவிடும். பெரியவளுக்கு அந்த வால் மட்டும் சில நேரம் நழுவியது. பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிற ஊசி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆள் ஒல்லி என்பதால் ஊசி, மற்றபடி அவள் குத்தியதாக யாரும் சொன்னதில்லை. பெரியவள் பேனா ஒரு நொடி தயங்கினால் ஊசி மேசையின் அடியில் ஒரு தட்டு தட்டுவாள். ஒரு தட்டு என்றால் 'இல்லை'.

"உனக்கும் அவளுக்கும்தான் தெரியும்" என்றாள் பெரியவள். "வீட்டு ஆம்பளைங்களுக்குக்கூடத் தெரியாது. தெரிஞ்சா என்னை மேசையிலேர்ந்து எழுப்பி, கீழ திருத்தப் பிரிவுல உட்கார வெச்சுடுவாங்க. அந்த மேசை போச்சுன்னா நான் யாருடி?"

"என் வாயிலேர்ந்து வருமாக்கா?" என்றாள் சின்னவள். அப்போது அவள் அதை மனதாரத்தான் சொன்னாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகல். பார்வையாளர்கள் யாரும் இல்லை. நுழைவுச்சீட்டு கொடுக்கிற பெண் மண்டபத்துக்குள் தேநீர் எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குச் சில்லறை என்று பேர், வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் கேட்பாள். தன் மாமியாருக்குக் காது மந்தமான கதையை அவள் அவிழ்த்துவிட்டாள். டிவி போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரரே செய்தி கேட்டுக்கொள்கிறாராம். "பால் வந்துச்சான்னு கேட்டா, பல் எப்பவோ விழுந்துடுச்சேங்கிறாங்க." இரண்டு பேரும் சிரித்தார்கள். பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்று சும்மாவா சொன்னார்கள்? சின்னவள் பக்கம் பார்க்கவில்லை. அவள் கால் எங்கே நின்றதென்றும் பார்க்கவில்லை. மண்டபத்துக்குள் வந்துவிட்டால் அவள் கால் தானாகப் போய் நிற்கிற இடம் அந்தக் குமிழ்தான்.

"உன் மாமியாரை விடு" என்றாள். "எங்க வீட்டுக் கதை தெரியுமா? எங்க அக்காவுக்கே இடது காது சுத்தமாப் போச்சு. அவையில உட்கார்ந்துக்கிட்டு பாதியை ஊகத்துலதான் எழுதுறாங்க. யார்கிட்டயும் சொல்லிடாத."

"ஐயோ பாவம்" என்று சில்லறை கன்னத்தில் கை வைத்தாள். அந்த முகத்தைப் பார்க்கச் சின்னவளுக்கு இதமாக இருந்தது. என்றைக்குமில்லாமல் அவள் சொன்ன ஒன்றை ஒருத்தி வாய் பிளந்து கேட்கிறாள். 'பாதி' என்பது பொய். 'சுத்தமா' என்பதும் பொய். கதைக்கு உப்பு காரம் வேண்டும் என்று வாய் தானே சேர்த்துக்கொண்டது, அவ்வளவுதான்.

தலையை நிமிர்த்தினாள். மண்டபத்தின் அந்தக் கோடியில் தலைமைச் சுருக்கெழுத்தர் நின்றுகொண்டிருந்தார். காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் எல்லாரும் அவரைப் பென்சில் சார் என்பார்கள். மேசையின் கம்பிகளைச் சரிபார்க்க வந்த மனிதர், அந்தப் பென்சில் விழுந்து மறு குமிழ்வரை உருண்டதை எடுக்கப் போய், எடுத்துக்கொண்டு நிமிர்ந்திருக்கிறார். அவர் தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக இந்தப் பக்கம் பார்த்தார்.

சின்னவள் குனிந்து பார்த்தாள், காலுக்குக் கீழே குமிழ். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் இந்த மண்டபத்தின் கணக்கைப் பாடம் எடுக்கிறவள் அவள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் கெட்டாலும் பரவாயில்லை, இன்னொருத்தியைக் கெடுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அவர் அறைக்குப் போனாள். இரவெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் வாசற்படியிலேயே நின்றுவிட்டன.

"சார், நேத்து நான் சும்மா ஒரு பேச்சுக்கு..."

"உட்காரும்மா" என்றார். நல்ல மனிதர். அதுதான் கஷ்டமாகப் போயிற்று. "நான் கேட்காத மாதிரி இருந்துடலாம்னுதான் பார்த்தேன். ஆனா பாதி ஊகம்னு சொல்றியே. அவைக்குறிப்பை நாளைக்கு நீதிமன்றத்துல எடுத்துப் படிப்பாங்க."

"பாதியெல்லாம் இல்ல சார். எப்பவாவது ஒரு சொல்."

"ஒரு சொல்லா இருந்தாலும் எந்தச் சொல்லும்மா?"

அவர் இன்னும் தணிந்த குரலில் சொன்னார். "எல்லாருக்குமே காது பரிசோதனைன்னு ஆணை போடறேன். தனியா அவங்களை மட்டும் அனுப்பி அவமானப்படுத்த மாட்டேன். யார் சொல்லித் தெரிஞ்சுதுன்னு என் வாயிலேர்ந்து வராது. நீ கவலைப்படாதே."

வெளியே வந்தபோது சின்னவளுக்கு மூச்சு நேராக வந்தது. அப்பாடா, தன் பேர் வராது. வெயிலில் நின்று தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. அந்த ஆறுதலை நினைத்துத்தான் பின்னால் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓரகத்தியின் நாற்காலி போகிறது, இவளுக்கு அப்பாடாவாம்.

ஆணை வந்த அன்றே பெரியவளுக்குப் புரிந்துவிட்டது. "இத்தனை வருஷமா இல்லாத பரிசோதனை இப்ப எதுக்கு? என்னைப் பிடிக்கத்தான்" என்றாள். பரிசோதனையில் பிடித்தும் விட்டார்கள். அடுத்த கூட்டத்தொடருக்கு முன்பே அவளைக் கீழ்த்தளத்தில் திருத்தப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. மேலே மற்றவர்கள் எழுதியதை அச்சுக்கு முன்னால் எழுத்துப் பிழை பார்க்க வேண்டும். மேசைக்குப் போகும்போது பெரியவள் புடவை மடிப்பை நீவி நீவிக் கட்டுவாள். இப்போது கைக்கு வந்ததைச் சுற்றிக்கொண்டு போனாள். சின்னவள் அதைப் பார்த்துக்கொண்டே டிபன் டப்பாவை மூடினாள்.

"ரெண்டே பேருக்குத்தான் தெரியும்" என்றாள் பெரியவள் ஒரு நாள் சாப்பிடும்போது. "நீ என் வீட்டுப் பொண்ணு. அப்ப யாரு? கூடவே உட்கார்ந்து தட்டித் தட்டிக் கழுத்தை அறுத்துட்டா. தட்டுறது அலுத்துப் போச்சுன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

சின்னவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். இப்போது சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொன்னால் இப்போதே முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். "விடுங்கக்கா" என்றாள். "அவங்களா இருக்காது" என்றாவது சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால், பின்னே யார் என்று அடுத்த கேள்வி வரும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்யும். ஆனால் குறுகுறுக்கிற நெஞ்சால் யாருக்கு என்ன லாபம்?

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். ஊசியோடு பெரியவள் பேச்சை நிறுத்தினாள். பெரியவள் பேசாத ஆளோடு மேசையில் மற்றவர்களும் பேசவில்லை. எல்லாரும் அவள் கைபிடித்துத் தொழில் பழகியவர்கள். ஊசி வந்து உட்கார்ந்தால் பேச்சு நிற்கும். ஒரு மதியம் ஊசி மண்டபத்துக்குத் தேடிக்கொண்டு வந்தாள். சின்னவள் பார்வையாளர்களை அனுப்பிவிட்டுக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"உங்க அக்கா என் முகத்தையே பார்க்க மாட்டேங்கிறாங்க" என்றாள் ஊசி. "என் புள்ளைங்க மேல சத்தியமா நான் சொல்லல. நீயாவது சொல்லேன். நீ சொன்னா கேட்பாங்க."

"சொல்றேன்க்கா."

"யார் சொல்லியிருப்பாங்கன்னு நினைக்கிறே? அந்த டாக்டர்கிட்ட வேலை செய்யற யாராவது இருக்குமா?"

"இருக்கும்" என்றாள் சின்னவள்.

அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லிவிட்டு அவளுக்கே தன்னைப் பார்க்கச் சகிக்கவில்லை. முதலில் நடந்தது வாய்த் தவறு. இது தவறு இல்லை, தெரிந்தே செய்தது. ஊசி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்து நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்குக் கடைசியாக வந்த கூட்டத்தில் ஒரு தாத்தா, "முட்டை மாதிரி இருக்கே" என்றார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டாள்.

ஊசி மாற்றல் கேட்டிருக்கிறாள் என்ற செய்தி சில்லறை மூலமாக வந்தது. வேறு ஊரில் இருக்கிற கிளை அலுவலகத்துக்கு. ஆணையும் கையெழுத்தாகிவிட்டதாம். நாளையோடு இங்கே கடைசி நாள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை வருஷ நடுவில் மாற்ற வேண்டும் என்று அழுதாளாம்.

அன்று மாலை இருட்டிய பிறகு, சமையலறை ஜன்னலுக்கு முன்னால் நின்று பெரியவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. சின்னவள் துணியால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் நின்றது பெரியவளின் இடது பக்கம். தற்செயலாக நின்றாள் என்று சொன்னால் அவளே நம்ப மாட்டாள்.

"அக்கா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஊசி இல்லக்கா. நான்தான். மண்டபத்துல சில்லறைகிட்ட சொல்லிட்டேன். குமிழ்மேல நின்னுட்டிருந்தேன். பென்சில் சார் காதுல விழுந்துடுச்சு."

எத்தனையோ நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. சொல்லிவிட்டாள். சொல்லியாகிவிட்டது. கேட்கவில்லை என்றால் அவள் என்ன செய்வாள்?

பெரியவள் குழாயை மூடினாள். வலது காதைக் காட்டித் திரும்பினாள். "என்னடி சொன்ன?"

சமையலறை அமைதியாக இருந்தது. சின்னவள் கையிலிருந்த தட்டை இன்னொரு முறை துடைத்தாள். "ஒண்ணுமில்லக்கா. குழம்புக்கு உப்பு போட்டாச்சான்னு கேட்டேன்."

பெரியவள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "போட்டாச்சு" என்றாள். குழாயைத் திறந்து மிச்சப் பாத்திரத்தைக் கழுவினாள்.

மறுநாள் காலையில் சின்னவள் ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்தை அழைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனாள். ஆறு, ரயில் பாதை, இரண்டு முளை. கயிற்றை எடுத்தாள். குமிழ்மேல் ஒரு பெண்பிள்ளையை நிற்க வைத்துவிட்டு அந்தக் கோடிக்குப் போனாள். வாயைத் திறந்தால் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆசிரியையிடம், "ஒரு நிமிஷம் பார்த்துக்கோங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைத் தரையில் போட்டாள். படியிறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போனாள்.

திருத்தப் பிரிவில் நாலைந்து பேர் தலை குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவள் ஒரு வரியின்மேல் விரல் வைத்திருந்தாள். சின்னவள் நாற்காலியைச் சுற்றி வலது பக்கம் போய் நின்றாள்.

"அக்கா, ஊசி சொல்லல. நான்தான் சொன்னேன்." இந்தத் தடவை குரலை அடக்கவில்லை. அறையில் எல்லாத் தலையும் நிமிர்ந்தது. "பாதியை ஊகத்துல எழுதுறீங்கன்னு சொன்னேன். அதுவும் பொய். நானா சேர்த்தது."

பெரியவள் விரலை வரியிலிருந்து எடுக்கவில்லை. "நேத்தே சொல்லிட்டியே" என்றாள்.

சின்னவள் அவளுடைய இடது காதைப் பார்த்தாள். "கேட்டுச்சா?"

"இந்தக் காது முழுசாப் போகலடி. பக்கத்துல நின்னு பேசினா பாதி வரும். மீதியை சமையலறை ஜன்னல் கண்ணாடியில உன் வாயைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். இப்பல்லாம் அப்படித்தான் பொழைக்கிறேன்." பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து வெளியே போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். "சரி, இந்தப் பக்கம் வந்து சொல்லுவேன்னுதான் குழாயை மூடிட்டுத் திரும்பினேன். நீ உப்பு கேட்ட."

சின்னவள் அழுதாள். அழுவதற்கும் கூச்சமாக இருந்தது. அழ வேண்டியவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"காலையில ஊசி வீட்டுக்குப் போனேன்" என்றாள் பெரியவள். "மன்னிச்சுக்கோன்னு கேட்டேன். அவ தங்கமான பொண்ணு, உடனே கட்டிப் பிடிச்சுக்கிட்டா. யார் சொன்னதுன்னு கேட்டா. டாக்டர்கிட்ட இருக்கிற ஆளுன்னு சொல்லிட்டேன்."

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன? எங்க வீட்டுப் பொண்ணுன்னு சொல்லவா?" பெரியவள் அப்போதுதான் முதல் முறையாகச் சின்னவளின் முகத்தை நேராகப் பார்த்தாள். "ஒண்ணு மட்டும் சொல்லு. ஏன்டி சொன்ன? நான் உனக்கு என்ன பண்ணினேன்?"

ஏதேதோ காரணம் வாய்வரைக்கும் வந்தது. மழை, தேநீர், சில்லறையின் மாமியார். எதுவும் காரணமில்லை. "ஒண்ணும் பண்ணலக்கா" என்றாள் சின்னவள். "சொல்லும்போது நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான்."

பெரியவள் தலையை ஆட்டினாள். அந்தப் பதில் அவளுக்குப் புரிந்த மாதிரி இருந்தது. புரிந்ததால் வலி கூடினதா குறைந்ததா என்று முகத்தில் தெரியவில்லை. "மேல பசங்க காத்துட்டிருப்பாங்க. போ" என்றாள்.

சின்னவள் மேலே போகவில்லை. ஊசியைத் தேடிக்கொண்டு போனாள். சாமான் கட்டிய பையோடு ஊசி கட்டடத்தின் வாசலில் நின்றிருந்தாள். சின்னவள் எதையும் ஒளிக்காமல் சொன்னாள், டாக்டர்கிட்ட இருக்கிற ஆளாக இருக்கும் என்று தான் சொன்னதையும் சேர்த்து. ஊசி திட்டவில்லை. "போன வாரம் இதைச் சொல்லியிருந்தா நான் மாற்றல் எழுதிக் கொடுத்திருக்க மாட்டேனே" என்று மட்டும் சொன்னாள். பையைத் தூக்கிக்கொண்டாள். சின்னவள் உதவிக்குக் கை நீட்டினாள். ஊசி பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கினாள்.

வீட்டில் சண்டை வரும் என்று சின்னவள் காத்திருந்தாள். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெரியவள் வழக்கம் போலவே பேசினாள். காய்கறி விலையைப் பேசினாள், கொடியில் துணி காயாததைப் பேசினாள், ஆண்கள் இருவரும் போடுகிற செருப்பைப் பற்றி எப்போதும் செய்கிற கிண்டலைச் செய்தாள். சின்னவளுக்கு உடம்பு சரியில்லாதபோது கஞ்சி வைத்துக் கொடுத்தாள். பார்க்கிறவர்கள், இப்படி ஒரு ஓரகத்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். ஆமாம் என்றாள் சின்னவள்.

ஒரு சனிக்கிழமை காலையில் பெரியவள் புடவை மாற்றிக்கொண்டு செருப்பை மாட்டினாள். கழுத்தைச் சாய்த்து, இடது காதை ஒரு விரலால் அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தாள். வலிக்கிறது போல.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க?" என்று சின்னவள் கேட்டாள். "நானும் வரட்டுமா?"

பெரியவள் காதிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். உள்ளே என்ன நடந்தது என்று உறவுக்காரர்கள் கேட்டால் சிரிப்பாளே, அதே சிரிப்பு. "சும்மா கடைக்குத்தான்டி" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கடைக்குப் போகிறவள் பை எடுத்துக்கொண்டு போகவில்லை.